ஓடும் வண்டிக்குள் ஒரு கருவி

மோட்டார் வண்டிக்குள் முதன்முதலாகக் குடிபுகுந்த பேசும் கருவி நமது வானொலிப் பெட்டியே என்பதை நேயர்கள் கேட்டு மகிழலாம். அமெரிக்காவிலே பால் கால்வின், யோசேப்பு கால்வின் என்னும் சகோதரர் இருவர் 1930ஆம் ஆண்டில் வண்டியிற் பொருத்தத்தக்க வானொலிப் பெட்டி ஒன்றைச் செய்வித்தனர். அதனைத் தம் வண்டியிலேயே பூட்டிக்கொண்டு, அத்திலாந்திக் நகரிற் கூடிய வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு வந்து சேர்ந்தார் பால் கால்வின். மண்டபத்துக்குள் இடம்பெறப் பணவசதி இல்லாமையால், வண்டியை வெளியே நிறுத்திப் பெட்டியை உரக்கப் பாடவிட்டார். போவோர் வருவோர் நின்று கேட்டனர். அக்கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் மோட்டரோலா. பின்னர் அந்நிறுவனமே அப்பெயரால் வழங்கலாயிற்று.

அவர்கள் பட்ட பாடு சிறிதன்று. அக்காலத்து வானொலிக் குமிழ்களுக்கு நூறு வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும். வண்டியின் பற்றரியோ ஆறு வோல்ற்றுத்தான் தரும். எஞ்சினுக்குள் எரிபொருளைக் கொளுத்தும் மின்பொறி ஒவ்வொன்றும் பெட்டிக்குள் படபடவென்று இரைந்தது. வீதியின் குலுக்கலிற் பற்றவைத்த இணைப்புகள் கழன்றன. வீட்டு மேசைமேல் இருந்த பெட்டியை அப்படியே தூக்கி வண்டிக்குள் வைத்தால் அது வேலை செய்யாது என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

இன்று வண்டிக்குள் இருப்பது வானொலி மாத்திரமன்று. வழிகாட்டும் திரை, கைத்தொலைபேசியோடு பேசும் கருவி, முன்வீதியைப் படம்பிடிக்கும் கமரா, விபத்து நேர்ந்தால் தானே உதவிக்கு அழைக்கும் கருவி, சாரதி எவ்வளவு விரைவாக ஓட்டுகிறார் என்று காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கும் சிறு பெட்டி எனப் பல வந்துவிட்டன. இவற்றுட் பெரும்பாலானவை இணையத்தோடும் தொடர்புடையன. ஆகவே வண்டியினுள் நிகழ்வது வெளியே தெரிகிறது. வெளியே இருப்பவன் வண்டியினுள்ளும் வரலாம். இத்தகைய கருவியை ஆக்குபவர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் வெப்பத்தைச் சொல்வோம். அரிசோனா அரச பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிலே, கோடைவெயிலில் ஒரு மணிநேரம் நிறுத்தப்பட்ட வண்டிகளின் முகப்புப் பலகை சராசரியாக ஏறத்தாழ 69 பாகை செல்சியசு வரை சூடேறியதாகக் கண்டார்கள். புகழ்பெற்ற கைத்தொலைபேசிகளின் உற்பத்தியாளரோ தம் கருவியை 45 பாகைக்கு மேற்பட்ட இடத்தில் வைக்கவேண்டாம் என்று கூறுகிறார்கள். எனவே வண்டிக்கென்று செய்யப்படும் இலத்திரனியற் சில்லுகளுக்குத் தனியான தரங்கள் உண்டு. உறைநிலைக்குக் கீழ் 40 பாகையிலிருந்து மேலே 85, 105, 125 பாகை வரை, பொருத்தப்படும் இடத்துக்கு ஏற்றவாறு, அவை சோதிக்கப்படுகின்றன. முன்கண்ணாடியில் ஒட்டும் கமராக்கள் சிலவற்றில், வெயிலில் வீங்கிப் பழுதாகும் இலிதியப் பற்றரிக்குப் பதிலாக வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவியை வைக்கிறார்கள். அது மின்னேற்றத்தைச் சில விநாடிகளுக்கே தாங்கும். ஆயினும் கடைசிப் படத்தைப் பத்திரப்படுத்திவிட்டு அணைவதற்கு அந்தச் சில விநாடிகள் போதும்.

வண்டியின் மின்சாரமும் வீட்டு மின்சாரத்தைப் போல ஒழுங்குடையதன்று. பன்னிரண்டு வோல்ற்று என்பது பெயரளவில்தான். எஞ்சின் ஓடும்போது அது பதினான்கை எட்டும். எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் ஆறு வரை இறங்கவுங் கூடும். மின்னேறிக்கொண்டிருக்கையிற் பற்றரியின் இணைப்பு கழன்றுவிட்டால், விநாடியின் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு நூறு வோல்ற்று வரை எகிறிப் பாயும். இவ்வளவையும் கருவி தாங்கவேண்டும். அதனினும் நுட்பமானது உறக்கத்தின் கணக்கு. வண்டி நின்ற பின்னும் இணையத்துக்குக் காதுகொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு கருவி 100 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை உறிஞ்சுமாயின், 60 அம்பியர் மணி கொண்ட பற்றரி 600 மணிநேரத்தில், அதாவது இருபத்தைந்து நாளில், முற்றாக வெறுமையாகும். எஞ்சினைக் கிளப்பும் வலு அதற்கும் பல நாள் முன்னரே போய்விடும். ஒரு மாதம் வெளிநாடு சென்று திரும்பியவர் திறப்பைத் திருகினால் ‘டக்’ என்ற ஓசை மாத்திரம் கேட்கும். ஆகவே நன்கு ஆக்கப்பட்ட கருவி, தூங்கும்போது தூங்கி, வண்டி அசைந்தாலோ கதவு திறந்தாலோ மட்டும் விழிக்கும்.

இவையெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் தீர்க்கத்தக்கவை. இனிக் கூறப்போகும் இரண்டும் அவ்வாறு எளிதில் தீர்வனவல்ல. ஒன்று சாரதியின் கண். மற்றையது வண்டியின் உட்கம்பி.

சாரதியின் கண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி இரண்டு விநாடியில் 33 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். நீளமான பேருந்துகள் இரண்டு மூன்றை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம். சாரதி இரண்டு விநாடி திரையை நோக்கினால், அத்தூரம் முழுவதையும் அவர் கண்மூடிக் கடக்கிறார் என்று கொள்ளலாம். அமெரிக்காவின் வேர்ஜீனியா தொழினுட்பக் கல்விநிலைய ஆய்வாளர் நூறு வண்டிகளிற் கமராக்களைப் பொருத்தி, சாதாரண மக்களின் சாதாரண ஓட்டத்தைப் பதிவுசெய்தார்கள். வீதியிலிருந்து கண்ணை இரண்டு விநாடிக்கு மேல் எடுப்பவர்க்கு விபத்தோ மயிரிழையில் தப்பும் நிகழ்ச்சியோ நேரும் வாய்ப்பு, ஏறக்குறைய இருமடங்காகிறது என்பது 2006ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது முடிவு. இதனைப் பின்பற்றி அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிருவாகம் 2013ஆம் ஆண்டில் வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. வண்டிக் கருவியில் எந்த ஒரு வேலையைச் செய்வதற்கும், ஒவ்வொரு பார்வையும் இரண்டு விநாடிக்கு மேற்படலாகாது. எல்லாப் பார்வைகளுஞ் சேர்ந்து பன்னிரண்டு விநாடிக்கு மேற்படலாகாது என்பது அதன் சாரம். அது சட்டமன்று, வேண்டுகோளே. ஆயினும் கருவி ஆக்குவோர் கையில் அது ஓர் அளவுகோலாயிற்று.

இவ்வளவு தெரிந்திருந்தும் வண்டிகளின் முகப்பிலே பெரிய பெரிய தொடுதிரைகள் ஏன் வந்தன என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் எளியது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அச்சு, ஒரு கம்பி, ஒரு தொழிலாளியின் கை வேண்டும். ஒரே கண்ணாடித் திரையோ நாற்பது பொத்தான்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எதை எங்கே வைப்பது என்பதை வண்டி விற்ற பின்னரும் மாற்றலாம். உற்பத்தியாளருக்கு இலாபம், விற்பனைக் கூடத்தில் நிற்கும் வண்டியிலும் அது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் கூடத்தில் நிற்கும் வண்டி குலுங்குவதில்லை. குண்டும் குழியுமான வீதியில் ஓடும்போது, ஊன்றுகோல் இல்லாமல் அந்தரத்தில் நீட்டிய விரல் குறித்த இடத்திற் சென்று விழுவதில்லை. பழைய வானொலிப் பெட்டியின் இரு குமிழ்களையும் எண்ணிப் பாருங்கள். கை தடவிக் கண்டுபிடிக்கும். திருகும் அளவை விரலே உணரும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

சுவீடன் நாட்டின் மோட்டார்ச் சஞ்சிகை ஒன்று 2022ஆம் ஆண்டில் இதனை நேரிற் சோதித்துப் பார்த்தது. புதுவண்டிகள் பதினொன்றையும், 2005ஆம் ஆண்டின் வோல்வோ வண்டி ஒன்றையும் விமான ஓடுபாதையில் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டி, வெப்பத்தைக் கூட்டுதல், குறித்த வானொலி நிலையத்தைப் பிடித்தல் முதலான நான்கு வேலைகளைச் சாரதியைக்கொண்டு செய்வித்தார்கள். பொத்தான்கள் நிறைந்த பதினேழு வயதுப் பழைய வண்டியில் அவை யாவும் பத்து விநாடியில் முடிந்தன. அதற்குள் வண்டி 306 மீற்றர் ஓடியிருந்தது. புதுவண்டிகளுள் மிக மந்தமானதிலே ஏறத்தாழ 45 விநாடி சென்றது. வண்டி ஓடிய தூரம் 1,370 மீற்றரளவு. திரையிலே பழகப் பழக வேகம் வரும் என்று சிலர் வாதிப்பர். அச்சாரதிகளுக்கும் முன்னரே பழக நேரம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதை அவர்கள் கவனிக்கவேண்டும்.

காற்று இப்போது சிறிது மாறி வீசுகிறது. ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரங்கள் வழங்கும் யூரோ என்காப் அமைப்பு, 2026ஆம் ஆண்டுமுதல் ஐந்து காரியங்களுக்குக் கையால் உணரத்தக்க தனிப் பொத்தானோ நெம்போ இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, ஊதுகுழல், கண்ணாடித் துடைப்பான், அவசர அழைப்பு என்பனவே அவ்வைந்து. ஊதுகுழலுக்குத் திரையைத் தேடவைக்கலாகாது என்பதை விதியாக எழுதவேண்டிய நிலை வந்ததே என்று நாம் வியக்கலாம்.

கண்ணுக்கு வேலை கொடாமற் குரலால் ஏவினால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். அதுவும் முழு விடையன்று. கருவி சொன்னதைத் தவறாக விளங்கிக்கொள்ள, சாரதி மீண்டும் மீண்டும் சொல்ல, மனம் வீதியைவிட்டுக் கருவியோடு வழக்காடப் போய்விடுகிறது. யூற்றா பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, குரலால் ஏவி முடித்த பின்னும் மனத்தின் சிதறல் 27 விநாடி வரை நீடிக்கக்கூடும். கண் வீதியில் இருந்தும், காண்பது மனத்திற் படியாத நிலை அது.

மற்றுமொன்றைச் சொல்லிவிட்டு அப்பாற் செல்வோம். கருவியை எங்கே பொருத்துவது என்பதும் உயிரோடு சம்பந்தப்பட்டது. மோதுகையின்போது காற்றுப்பை விரிந்து முடிய ஒரு விநாடியின் நூற்றில் மூன்று பங்கு நேரமே எடுக்கும். அப்பை வெளிப்படும் மூடியின்மேல் யாரேனும் தொலைபேசித் தாங்கியை ஒட்டிவைத்திருந்தால், காக்க வரும் பை அத்தாங்கியைக் கவண்கல்லைப் போல முகத்தில் எறியும்.

இனி உட்கம்பிக்கு வருவோம். வண்டியின் எஞ்சின், பிறேக், சுக்கான், கதவு, விளக்கு என ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சிறு கணினி ஆளுகிறது. இவற்றை ஒன்றோடொன்று பேசவைக்க, ஜேர்மனியின் போஷ் நிறுவனத்தார் 1983ஆம் ஆண்டில் வேலை தொடங்கி 1986ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டனர். கான் என்பது அதன் பெயர். முறுக்கிய கம்பி இரண்டு. அவற்றில் எல்லாக் கணினிகளும் தொங்குகின்றன. ஊரிற் பறையறைந்து செய்தி சொல்வதைப் போன்றது இம்முறை. ‘சக்கரம் இத்தனை முறை சுழல்கிறது’, ‘பிறேக்கை மிதித்தாயிற்று’ என்று செய்தி ஒலிக்கும், தேவையானவர் கேட்டுக்கொள்வர். அவசரச் செய்தியும் சாதாரணச் செய்தியும் ஒரே சமயத்தில் எழுந்தால் அவசரச் செய்திக்கே வழிவிடப்படும். மலிவானது, உறுதியானது, அழகான ஏற்பாடு. ஆனால் பறையை அறைபவன் யார் என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. செய்தியில் அனுப்பியவரின் பெயரும் இல்லை, ஒப்பமும் இல்லை. எல்லோரும் ஒரே குடும்பத்தவராய் ஒரே வேலிக்குள் வாழ்ந்த காலத்தில் அதனால் யாதொரு கேடும் நேரவில்லை.

அவ்வேலிக்குள்ளேதான் இணையத்தோடு தொடர்புடைய கருவி வந்து குடியேறிற்று. இசைப்பெட்டிக்கு இக்கம்பியில் என்ன வேலை என்று நேயர்கள் ஐயுறலாம். வேகம் கூடும்போது ஒலியைக் கூட்டவும், பின்னோக்கி ஓட்டுகையிற் கமராப் படத்தைக் காட்டவும், கதவு திறந்தால் அணையவும் அதற்கு வண்டியின் செய்திகள் வேண்டும். கேட்பதற்காக வந்தது, பேசவும் அதனால் முடிந்தது.

வாசிங்டன் பல்கலைக்கழகத்தாரும் சன்டியாகோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தாரும் 2011ஆம் ஆண்டில் ஒரு விந்தையைக் காட்டினார்கள். இறுவட்டில் உள்ள ஒரு பாட்டுக் கோப்பை வண்டியிலே பாடவிட்டார்கள். வீட்டுக் கணினியில் அது வெறும் பாட்டு. வண்டியில் அதே பாட்டு உட்கம்பிக்குள் கட்டளைகளை ஏவிற்று. அப்போது இதனை வேடிக்கையாகக் கொண்டவரும் உண்டு.

2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வேடிக்கை முடிந்தது. சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் ஆய்வாளர் இருவர், செயின்ற் லூயி நகரருகே நெடுஞ்சாலையிற் சென்றுகொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டி ஒன்றை, பத்து மைலுக்கு அப்பால் வீட்டில் இருந்தபடியே கைப்பற்றினார்கள். ஓட்டிச் சென்ற பத்திரிகையாளர் இதற்கு உடன்பட்டே ஏறியிருந்தார். ஆயினும் என்ன நிகழும் என்பதை அவர் அறியார். முதலிற் குளிர்காற்று வீசிற்று. பின்னர் வானொலி அலறிற்று. கண்ணாடித் துடைப்பான் தானே ஆடிற்று. முடிவில் வேகமிதியை மிதித்தும் வண்டி விரையாமல் தளர்ந்தது, பின்னால் பார ஊர்திகள் வந்துகொண்டிருக்கையில். பிறிதொரு வெற்றுத் திடலிலே பிறேக்கையும் செயலிழக்கச் செய்து காட்டினர். வழி எது? வண்டியின் இசைப்பெட்டி கைத்தொலைபேசி வலையமைப்போடு தொடர்புகொண்டிருந்தது. அங்கே ஒரு வாயில் காவலின்றித் திறந்திருந்தது. அவ்வாயிலால் நுழைந்து, உட்கம்பியோடு பேசும் சில்லின் மென்பொருளை மாற்றி எழுதிவிட்டார்கள். அம்மாற்றம் உரியவரிடமிருந்து வந்ததா என்று அச்சில்லுக் கேட்கவில்லை. நிறுவனத்தார் பதினான்கு இலட்சம் வண்டிகளைத் திருத்துவதற்காகத் திருப்பி அழைத்தனர்.

அதே ஆண்டு ஓகத்து மாதத்தில் சன்டியாகோ ஆய்வாளர் மற்றொன்றைக் காட்டினர். சுக்கானுக்குக் கீழே, பழுதுபார்ப்பவர் கருவியைச் செருகுவதற்கென்று பதினாறு முனை கொண்ட துளை ஒன்று வண்டிகளில் உண்டு. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அது கட்டாயம். காப்புறுதிக்காக அங்கே செருகப்படும் சிறு பெட்டி ஒன்றுக்குத் தொலைபேசிக் குறுஞ்செய்தி அனுப்பியே, கோர்வெற் வண்டியின் துடைப்பானையும், மெதுவாக ஓடும்போது பிறேக்கையும் அவர்கள் ஆட்டிவைத்தார்கள். வண்டியைச் செய்தவர் ஒருவர், பெட்டியைச் செய்தவர் வேறொருவர், செருகியவர் மூன்றாமவர். துளையோ மூவரையும் நம்பியிருந்தது.

இதற்குப் பரிகாரம் கண்டிருக்கிறார்கள். இணையத்தோடு பேசும் பகுதிக்கும் பிறேக்கோடு பேசும் பகுதிக்கும் இடையே வாயிற்காப்போனாக ஒரு கணினியை நிறுத்தி, குறித்த செய்திகளை மட்டும், குறித்த திசையில் மட்டும் செல்ல விடுகிறார்கள். புதிய மென்பொருள் வந்தால் ஆக்கியவரின் மறைகுறி ஒப்பத்தைச் சரிபார்த்த பின்னரே சில்லு அதனை ஏற்கிறது. ஐக்கிய நாடுகளின் 155ஆம் இலக்க ஒழுங்குவிதி 2021ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024ஆம் ஆண்டு யூலை முதல் புதிதாக விற்கப்படும் வண்டிகள் யாவும் அதற்கு அமையவேண்டும். விற்பதோடு கடமை முடியாது, வண்டி ஓடும் காலமெல்லாம் காவல் வேண்டும் என்பது அதன் கருத்து.

ஓடும் காலம் என்றேன். அங்கேயும் ஓர் இடர் உண்டு. தொலைபேசியை மூன்று நான்கு ஆண்டில் மாற்றுகிறோம். வண்டியோ பதினைந்து இருபது ஆண்டு ஓடுகிறது. தெஸ்லா நிறுவனத்தின் ஏறத்தாழ 1,35,000 வண்டிகள் 2021ஆம் ஆண்டிலே திருப்பியழைக்கப்பட்டன. காரணம், திரையின் கணினி ஓயாமல் நாட்குறிப்பு எழுதி எழுதி, அதன் நினைவுச் சில்லு ஐந்தாறு ஆண்டுகளிற் தேய்ந்துபோனமையே. தேய்ந்ததும் பின்கமராவின் படமும் மறைந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்று தன் மூன்றாந் தலைமுறை வலையமைப்பை மூடியபோது, அதனையே நம்பியிருந்த வண்டிகளின் அவசர அழைப்புச் சேவைகள் பல ஊமையாயின. வண்டி நலமாக ஓடிற்று. அழைத்தாற் கேட்பார் இல்லை.

நம் நாட்டு நேயர்களுக்கு இது புதிதன்று. யப்பானிலிருந்து பழகிய வண்டிகள் ஏராளமாக இங்கு வந்து இறங்குகின்றன. அவற்றின் வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ற்சு வரை கேட்பதற்கென்று அமைந்தது. பிற்கால வண்டிகளில் 95 வரை. நமது பண்பலை நிலையங்களோ 108 வரை பரந்து கிடக்கின்றன. ஆதலால் வான்கம்பிக்கும் பெட்டிக்கும் இடையே அலைவரிசையை மாற்றும் சிறு பெட்டி ஒன்றைச் செருகியே பலர் நம் நிகழ்ச்சிகளைக் கேட்கிறார்கள். வழிகாட்டும் திரையோ யப்பானிய எழுத்தில் யப்பானிய வீதிகளைக் காட்டக் காத்திருக்கும். சுங்கவீதிக் கட்டணத்துக்கான அட்டை செருகப்படவில்லை என்று ஒவ்வொரு காலையும் யப்பானிய மொழியில் ஒரு பெண்குரல் நினைவூட்டும். பற்றரியைக் கழற்றிப் பூட்டினால், கடவுச்சொல் கேட்டுத் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு. கேட்கும் மொழி விளங்காமல் அவற்றைக் கைவிட்டவர் பலர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு முதல் 2025ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை தனியார் வண்டிகளின் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், முன்னரே வந்த வண்டிகளை இன்னும் நெடுங்காலம் வைத்து ஓட்டவேண்டியதாயிற்று. ஆக்கியவர் எண்ணிப் பாராத நாட்டில், எண்ணிப் பாராத வயதில், அக்கருவிகள் இருக்கின்றன.

இந்த வயதுப் பொருத்தமின்மைக்கு 2014ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இரு முறைகள் நல்ல விடை என்பது என் எண்ணம். கார்பிளே, அண்ட்றொயிட் ஓட்டோ என்பன அவற்றின் பெயர்கள். வண்டி தருவது திரையும் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் குமிழும். அறிவைத் தருவது சாரதியின் பையிலுள்ள தொலைபேசி. தொலைபேசி புதிதாகுந்தோறும் வண்டியின் திரையும் புதிதாகிறது. பேசும் மொழியும் சாரதியின் மொழியே. ஆயினும் எல்லா உற்பத்தியாளரும் இதனை விரும்புவதில்லை. ஜெனரல் மோட்டோர்சு நிறுவனம் தன் புதிய மின்வண்டிகளில் இவற்றை விலக்கப்போவதாக 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. சாரதி எங்கே போகிறார், எதைக் கேட்கிறார் என்னும் தகவல்கள் விலைமதிப்புடையன. அவை தொலைபேசிக்காரரிடம் போவதா வண்டிக்காரரிடம் போவதா என்னும் பிணக்கும் இதன் பின்னே உண்டு.

பழகிய வண்டி வாங்கப் போகும் நேயர்கள், எஞ்சினையும் சில்லுகளையும் பார்ப்பதோடு, ஓட்டுமிடத்தில் அமர்ந்து, பார்வையை முன்கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தியபடி, துடைப்பானையும் கண்ணாடிப் புகார் நீக்கியையும் கையாற் தேடிப் பார்க்கலாம். வண்டியை விற்கப் போகிறவர்கள், தம் தொலைபேசியிலிருந்து திரை பிரதிசெய்து வைத்துள்ள பெயர்களையும் இலக்கங்களையும், வீடு என்று குறித்த இடத்தையும் அழித்துவிட்டுத் திறப்பைக் கொடுக்கவேண்டும்.